தேதியை விட்டு மண்ணைக் கேட்டு: குளிர்ப் பகுதியில் ஒரு தோட்டப் பருவம்

குளிர்ப் பகுதியில் காய்கறித் தோட்டம் போட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் தேதியில் நடலாம்?" என்றுதான். நான் தேதி சொல்வதில்லை. மண்ணில் பத்து செ.மீ. ஆழத்துக்குக் குத்திப் பார்க்கிற ஒரு தெர்மாமீட்டர் வாங்கச் சொல்கிறேன். சமையலறையில் பயன்படுத்தும் ஊசி தெர்மாமீட்டர் இருந்தால் அதுவே போதும். காலை எட்டு, ஒன்பது மணிக்குள் ஒரே இடத்தில் குத்திப் பார்த்து, அந்த எண்ணைக் காலண்டர் கட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். மத்தியானம் பார்த்தால் வெயில் ஏறிய மேல்மண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். இந்தப் பருவத்தில் எதை எப்போது விதைப்பது, எதை மூடுவது, எதைத் திறப்பது என்று நான் எடுத்த முடிவுகளில் முக்கால்வாசி அந்தக் கட்டங்களைப் பார்த்து எடுத்தவை.

தேதியே வேண்டாம் என்றில்லை. வீட்டுக்குள் நாற்று விட ஒரு கணக்கு வேண்டும். அதற்குத்தான் அந்தப் பகுதியின் 'கடைசி உறைபனி'த் தேதி. அது பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து எடுத்த ஒரு வாய்ப்புக் கணக்கு, அவ்வளவுதான். அட்டவணையில் 50 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகும் உறைபனி விழ இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு என்று பொருள். விதைத் தட்டு போட இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன்: வெங்காயத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம், மிளகாய்க்கு எட்டிலிருந்து பத்து, தக்காளிக்கு ஆறிலிருந்து எட்டு, முட்டைக்கோஸ் வகைக்கு நாலிலிருந்து ஆறு. பூசணி, வெள்ளரிக்கு மூன்று வாரம் தாராளம். அவற்றின் வேர் இடம் மாற்றுவதைச் சகிக்காது. தொட்டியில் வளர்ந்து பெருத்த கொடியைவிடச் சின்ன நாற்று சீக்கிரம் ஓடிப் பிடிக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வேளாண்துறை போட்ட 'குளிர்தாங்கு மண்டலம்' என்ற வரைபடத்தைப் பார்த்து, "நான் 5ஆம் மண்டலம், தக்காளி வருமா?" என்று கேட்கிறார்கள். அந்த எண், ஆண்டின் மிகக் கடுமையான குளிர் சராசரியாக எவ்வளவு இறங்கும் என்பதை மட்டும் சொல்வது. 5 என்றால் மைனஸ் 29இலிருந்து மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை. ஒரு பழமரம் குளிர்காலத்தைத் தாண்டுமா என்று பார்க்க அது உதவும். கோடை எத்தனை வாரம் நீடிக்கும், ஜூலை இரவு எவ்வளவு குளிரும் என்று அது சொல்லாது. ஒரு பருவத்தில் முடிந்துவிடும் செடிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அறுவடைக்கு ஆகும் நாள் என்று விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் '65 நாள்', '80 நாள்' கணக்கையும் சரியாகப் படிக்க வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அது நாற்றை வெளியே நட்ட நாளிலிருந்து எண்ணுவது. பீன்ஸ், கேரட், முள்ளங்கிக்கு விதைத்த நாளிலிருந்து. இரண்டுமே இதமான வானிலையை மனதில் வைத்துப் போட்டவை. இரவுகள் குளிர்ந்தால் ஓரிரு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அதனால் 85 நாள் கேட்கும் பெரிய தக்காளிகளை நான் தொடவில்லை. செக் நாட்டு வகையான ஸ்டுபிச்சே, ஒரு செர்ரித் தக்காளி, குடமிளகாய்க்குப் பதிலாகச் சிறுத்து மெல்லிய தோல் கொண்ட மிளகாய் வகைகள். சின்னக் காய் சீக்கிரம் பழுக்கும். குளிர்ப் பகுதியில் இதைவிட நல்ல தேர்வு விதி எனக்குத் தெரியவில்லை.

முளைப்பில்தான் வெப்பத்தின் வேலை பளிச்சென்று தெரியும். மிளகாய் விதை 15 டிகிரி மண்ணில் முளைக்க மூன்றரை வாரம் எடுக்கும். 25 டிகிரியில் எட்டு நாள் போதும். தக்காளி 10 டிகிரியில் ஆறு வாரம் கிடந்து யோசிக்கும், 25இல் ஆறே நாளில் தலைகாட்டும். லெட்யூஸ் நேர் எதிர்: 5 டிகிரியிலேயே இரண்டு வாரத்தில் வந்துவிடும், 30ஐத் தாண்டினால் உறங்கிப்போகும். ஆகவே எல்லாத் தட்டையும் ஒரே இடத்தில் அடுக்குவதில் அர்த்தமில்லை. மிளகாயும் தக்காளியும் கத்தரியும் ஹீட் மேட் என்ற மின்சூட்டு விரிப்பின் மேலே. கோஸ், லெட்யூஸ் எல்லாம் தரையில், குளிர்ந்த மூலையில். ஹீட் மேட் அறை வெப்பத்தைவிட ஐந்திலிருந்து பத்து டிகிரி வரை தட்டைச் சூடாக்கும். அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் விதைக் கலவைக்குள்ளேயே தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தேன். ஓரக் குழிகளுக்கும் நடுக் குழிகளுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தது. தட்டை நாளுக்கொருமுறை திருப்பி வைத்ததும் முளைப்பு சீரானது. பாதிக்கு மேல் முளைத்ததும் ஹீட் மேட்டை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் அடிச்சூடு கொடுத்தால் தண்டு நீளும், வேறு பலன் இல்லை.

விதைக் கலவைக்குத் தோட்டத்து மண் வேண்டாம். சலித்த தென்னைநார்க் கழிவோடு பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கனிமத் துகள்களைக் கலந்தால் போதும். முதல் இரண்டு இலைக்கு விதைக்குள் இருக்கும் உணவே காணும். விதையின் தடிமனைப்போல இரண்டு மடங்கு ஆழம். லெட்யூஸ் விதைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே தூவி, கையால் அழுத்திவிட்டால் சரி.

அப்புறம் வெளிச்சம். குளிர்காலக் கடைசியில் ஜன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்தாலும் செடிக்குப் போதாது. இரண்டே நாளில் நாற்று நூலாக நீண்டு ஜன்னல் பக்கம் சாயும். குழல் விளக்கு வடிவ எல்.இ.டி.யை நாற்றின் தலைக்கு மேலே ஐந்திலிருந்து பத்து செ.மீ. உயரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டு, செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக உயர்த்தினேன். ஆற்றல் கூடிய விளக்கென்றால் தூரம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இலை வெளுக்கும். டைமர் போட்டு 15 மணி நேரம். "இன்னும் கொஞ்சம் கூட்டினால் என்ன?" என்று தோன்றும். வேண்டாம். தக்காளிக்கு இருட்டும் தேவை. 24 மணி நேரமும் விளக்கெரிந்தால் இலை மஞ்சளித்துக் கெடும். இரவில் அறை 16, 17 டிகிரிக்கு இறங்குவதும் நல்லதுதான். நாற்று குட்டையாக, தண்டு தடித்து வரும்.

கோஸ் தட்டில் ஒரு மூலையில் நாற்றழுகல் வந்தது. மண் மட்டத்தில் தண்டு நீர்க்கோத்து, இடுப்பு ஒடிந்தாற்போல் மெலிந்து, மேலே பச்சையாக இருக்கும்போதே சாயும். பித்தியம், ரைசோக்டோனியா என்ற கிருமிகளின் வேலை. குளிர்ந்த ஈரக் கலவையும் அசையாத காற்றும் அவற்றுக்குக் கொண்டாட்டம். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழிகளைக் கலவையோடு தூக்கிக் குப்பையில் போட்டேன். மூடியை எடுத்து, மேல் பரப்பு காயும்வரை தண்ணீரை நிறுத்தி, ஒரு சின்ன மின்விசிறியைத் தூரத்தில் சுழலவிட்டதும் மற்றவை நின்றன. அதற்குப் பிறகு எல்லாத் தட்டுக்கும் கீழிருந்துதான் தண்ணீர்: அடித்தட்டில் ஊற்றி, அரை மணி நேரம் உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவது. மின்விசிறிக் காற்றுக்கு இன்னொரு பலனும் உண்டு. ஆடும் தண்டு உறுதியாகும்.

விதையிலைக்கு அடுத்து வரும் உண்மை இலைகள் விரிந்ததும் பெரிய குவளைக்கு மாற்றம். இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும், தண்டைப் பிடிக்கக் கூடாது. இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடியே போய்விடும். தக்காளியை விதையிலை வரை ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். மிளகாய் அப்படி விடாது, பழைய ஆழத்திலேயே வைத்தேன்.

நாற்று உள்ளே வளரும் இந்த வாரங்களில்தான் வெளியே முக்கியமான வேலை நடக்கிறது: மண்ணைச் சூடாக்குவது. மூன்று பாத்திகளை மூன்று விதமாக விட்டுப் பார்த்தேன். ஒன்று மேட்டுப்பாத்தி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. இரண்டாவது மேட்டுப்பாத்தி, மேலே ஒன்றுமில்லை. மூன்றாவது சமதரை, போன இலையுதிர்காலத்து வைக்கோல் மூடாக்கு அப்படியே கிடந்தது. விரிப்புப் பாத்தி வெறும் மேட்டுப்பாத்தியைவிட மூன்று நாலு டிகிரி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோல் பாத்தி எல்லாவற்றுக்கும் கடைசி. வைக்கோல் வெயிலையும் தடுக்கிறது, ஈரத்தையும் பிடித்துவைக்கிறது. ஈர மண்ணைச் சூடாக்கக் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பம் வேண்டும், அதில் ஒரு பங்கு நீர் ஆவியாவதிலேயே போய்விடும். மேட்டுப்பாத்தி முந்துவதற்குக் காரணமும் அதுதான், உருகிய பனியின் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது.

விரிப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் தான் சூடாகி, தொட்டுக்கொண்டிருக்கும் மண்ணுக்கு அதைக் கடத்துகிறது. இடையில் காற்று இருந்தால் சூடு அங்கேயே நின்றுவிடும். ஆகவே மண்ணை நன்றாகச் சமப்படுத்தி, விரிப்பை இழுத்து, நாலு ஓரத்தையும் மண்ணில் புதைத்தால்தான் பலன். நிறமற்ற பிளாஸ்டிக் இதைவிடவும் சூடேற்றும், ஆனால் அடியில் களை காடாக வளரும்.

மண் 5 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கத் தொடங்கியதும் பட்டாணி, பசலை (ஸ்பினாச்), முள்ளங்கி நேரடியாக விதைத்தேன். பசலைக்குச் சூட்டைவிடப் பகல் நீளம்தான் பெரிய எதிரி. பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால் பூத்தண்டு விட்டு இலை கசக்கும். துருவத்துக்குப் பக்கமாக இருக்க இருக்க அந்த நாள் முன்கூட்டியே வரும். பீன்ஸை மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் விதைக்காதீர்கள். காய்ந்த பீன்ஸ் விதை முதன்முதலில் உறிஞ்சும் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் உள்ளே திசு கிழிந்து, முளைக்காமலோ முடமாகவோ போகும். காலையில் 15 காட்டும்வரை பாக்கெட்டைத் திறக்கவே இல்லை.

நாற்றை வெளிக்குப் பழக்குவது அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது. விளக்கடியில் வளர்ந்த இலையின் மெழுகுப் படலம் மெல்லியது. நேராக வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெள்ளைத் திட்டாக வெந்துவிடும். முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயில், பிறகு காற்றுப்படும் இடம் என்று ஒரு வாரம், பத்து நாள் நீட்ட வேண்டும். தக்காளி, மிளகாய் 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே. கோஸ் வகை அதைவிடக் குளிரைத் தாங்கும் என்பதால் பலர் அதை முன்னதாகவே வெளியே தள்ளிவிடுகிறார்கள். காலிஃபிளவரில் அது ஆபத்து. வயது முற்றிய நாற்று வாரக்கணக்கில் குளிரில் நின்றால் குளிர்காலம் கழிந்தது என்று எண்ணிக்கொண்டு பொத்தான் அளவுக்குப் பூ விட்டு முடித்துக்கொள்ளும். நாற்று இளசாக, ஐந்தாறு இலையோடு இருக்கும்போதே போய்விட வேண்டும்.

கறுப்பு விரிப்புப் பாத்தி காலையில் 15 காட்டியது, இரவுகளும் 10க்கு மேல் நின்றன. விரிப்பில் சிலுவைக் கீறல் போட்டு அங்கேதான் முதல் தக்காளியை நட்டேன். வெறும் மேட்டுப்பாத்தி 12இலேயே இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அங்கேயும் இரண்டு செடி. விரிப்புச் செடிகள் வாரத்துக்குள் புது இலை விட்டன. மற்ற இரண்டும் அப்படியே நின்றன, இலையடி ஊதா நிறமாக மாறியது. பார்த்தவுடன் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாடு என்று தோன்றும், உரம் தேடி ஓடத் தோன்றும். மண்ணில் மணிச்சத்து இருந்தது; குளிர்ந்த மண்ணில் வேரால் அதை எடுக்க முடியவில்லை. ஒன்றும் போடாமல் விட்டேன். மண் 17, 18க்கு ஏறியதும் புது இலைகள் பச்சையாகவே வந்தன. தெர்மாமீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் ஒரு மூட்டை உரம் வீணாகியிருக்கும்.

அப்புறம் அந்த உறைபனி இரவு. வானிலை அறிக்கை 3 டிகிரி என்றது. ஆபத்தில்லை என்று படுக்கப் போகலாம் போலத்தான் இருக்கும். ஆனால் வானிலை நிலையங்கள் அளப்பது ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, கூண்டுக்குள் இருக்கும் காற்றை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்குக் கொட்டிவிடும். குளிர்ந்த கனமான காற்று தரையோடு படியும், செடி நிற்கும் உயரத்தில் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். மேகம் இருந்தால் அதுவே போர்வை. அன்று சாயந்தரம் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்ததால், இருட்டுவதற்கு முன்பே வளைவுக் கம்பிகள் மேல் பனித்துணியை விரித்தேன். நெய்யாத பாலிபுரோப்பிலீன் துணி. சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ளது ஒன்றிரண்டு டிகிரிதான் காக்கும், 30 கிராம் அதைவிடக் கொஞ்சம் மேல். ஓரம் தரையில் பதிந்து இருக்க வேண்டும். காக்கப்படுவது செடியின் சூடு அல்ல, மண்ணிலிருந்து எழும் சூடு. இதனால்தான் மத்தியானமே பாத்திக்கு நீர் பாய்ச்சியிருந்தேன். ஈர மண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமித்து இரவில் விடும்.

துணிக்குள்ளே செடிகளுக்கு நடுவே தண்ணீர் நிரப்பிய பாட்டில்களையும் வைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. அது உறைந்து முடிகிறவரை பக்கத்தில் இருக்கும் காற்று பூஜ்யத்துக்கு ரொம்பக் கீழே இறங்கத் தயங்கும். பாட்டிலை முழுக்க நிரப்பாமல் விட வேண்டும், உறைந்தால் விரியும். விடிந்தபோது புல் வெள்ளையாக இருந்தது, தக்காளிக்கு ஒன்றுமில்லை. துணியைத் தொட்டுக்கொண்டிருந்த வெள்ளரி இலை நுனிகள் மட்டும் கறுத்தன. வெயில் ஏறியதும் துணியை எடுத்துவிடுவது முக்கியம், உள்ளே சீக்கிரம் கொதிக்கும்.

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகல் நீளம், செடி ஓடுகிறது. மண் 20ஐத் தாண்டிய பிறகுதான் வைக்கோல் மூடாக்கு. தக்காளியில் பக்கக் கிளைகளைக் கிள்ளி, ஒன்றிரண்டு தண்டில் நிறுத்தினேன். இலை குறைந்தால் காய்க்குப் பங்கு கூடும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போகும் வாரங்களில் மகரந்தம் சரியாக உருவாகாது, பூ உதிரும், பிடித்த காயும் கோணலாக வரும். அந்த வாரங்களில் மத்தியானம் பூங்கொத்துகளை விரலால் தட்டிவிட்டேன், ஓரளவு உதவியது. வெண்டையும் போட்டேன். சுவரோரம் கறுப்புத் தொட்டியில் வைத்தும் அளவாகத்தான் காய்த்தது. அதற்கு இரவுச் சூடும் வேண்டும், அதை நம்மால் கொடுக்க முடியாது.

பருவத்தை வேறு வருஷங்களோடு ஒப்பிட ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறேன். நாளின் அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டிப் பாதியாக்கி, பத்தைக் கழிப்பது. 24, 10 என்றால் அன்றைக்கு 7. விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே வைக்க வேண்டும். இதைக் கூட்டிக்கொண்டே வந்தால் தக்காளி ஏன் தாமதிக்கிறது என்பது புரியும். கூட்டுத்தொகை மெதுவாக ஏறும் வருஷம் காயும் மெதுவாகத்தான் வரும்.

முதல் உறைபனிக்கு ஐந்தாறு வாரம் முன்னால் தக்காளியின் நுனியைக் கிள்ளி, பூக்களையும் எடுத்துவிட்டேன். பூவிலிருந்து பழம்வரை ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அப்போது பூப்பது பழுக்காது. இருக்கிற காயின் பங்கைத் தின்னும். மனசு வராது, ஆனாலும் செய்ய வேண்டும். இரவுகள் 10 டிகிரியைத் தொட்டதும், லேசாக நிறம் மாறத் தொடங்கிய காய்களை எல்லாம் பறித்து உள்ளே கொண்டுவந்தேன். செடியில் விட்டால் அந்தக் குளிரில் பழுப்பது நின்று ருசியும் கெடும். 18இலிருந்து 21 டிகிரி இருக்கும் அறையில், அட்டைப் பெட்டியில் ஒற்றை அடுக்காக வைத்தால் போதும். பழுக்க வெளிச்சம் தேவையில்லை, எத்திலீன் வாயுதான் தேவை. ஒரு ஆப்பிளைக் கூடவே வைத்தால் அது விடும் எத்திலீனால் வேகம் கூடும். முழுப் பச்சைக் காயில் எது பழுக்கும் என்று தெரிய, அதே அளவுள்ள ஒன்றை வெட்டிப் பார்க்கலாம். விதையைச் சுற்றி வழவழப்பான கூழ் உருவாகியிருந்தால் பழுக்கும். கத்தி விதையையே வெட்டினால் அவை ஊறுகாய்க்குத்தான்.

கேல் என்ற கோஸ் வகைக் கீரையும் கேரட்டும் அவசரப்படவில்லை. உறைபனி பட்டபின் அவை தம் மாவுச்சத்தில் ஒரு பங்கைச் சர்க்கரையாக்கிக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்த சாறு பூஜ்யத்தில் உறையாது. நமக்கு அது இனிப்பு. கேரட் மேல் ஒரு முழ உயரம் வைக்கோல் குவித்து, தரை இறுகும்வரை வேண்டியபோது பிடுங்கினேன்.

மண் 10 டிகிரிக்கு இறங்கியதும் பூண்டுப் பற்களை ஐந்து செ.மீ. ஆழத்தில் நட்டேன், கூர்முனை மேலே. தரை உறைய நாலைந்து வாரம் இருக்க வேண்டும்; வேர் ஓடும், முளை வெளியே வராது. பல் பிரிந்த முழுப் பூண்டாக வர அதற்குக் குளிர்காலம் தேவை. அதற்கும் மேலே வைக்கோல்தான், ஆனால் வசந்தத்தில் மண் இளகியதும் பாதியை விலக்க வேண்டும்.

மிளகாய்ச் செடிகள் பல்லாண்டு வாழ்பவை என்பது பலருக்குத் தெரியாது. நன்றாகக் காய்த்த இரண்டை உறைபனிக்கு முன்பே தோண்டி, வேர்மண்ணை உதறி, தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, தொட்டியில் வைத்து 12 டிகிரி இருக்கும் அறையில் நிறுத்தியிருக்கிறேன். தண்ணீர் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை. வாரம் ஒருமுறை மொட்டுகளை லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். அசுவினி ஒன்று உள்ளே வந்துவிட்டால் வசந்தத்துக்குள் நாற்றுத் தட்டு முழுக்கப் பரவிவிடும்.